பக்தவச்சலம் காவல் காத்த தூக்கம்

அந்த வருஷம் எர்ணாவூர் ஹவுசிங் போர்டில் பக்தவச்சலத்தின் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் கதவு நம்பர் சொல்லவில்லை. மூன்றாவது மாடியில் எந்த ஜன்னலில் அட்டைப்பெட்டியை வெட்டி அடைத்து, அதன் மேல் கறுப்புத் துணியும் தொங்குகிறதோ அதுதான் என்றார்கள். அந்த அட்டைக்குப் பின்னால் அவருடைய ஒரே மகள் யசோதரா, பிளஸ் டூ படிக்கிற பெண், பகல் பதினோரு மணிக்கும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். அவள் கண்ணில் வெயில் படக்கூடாது என்று தகப்பன் தன் கையாலேயே செய்துவைத்த ஏற்பாடு அது. மற்ற அப்பன்மார் எல்லாம் பிளஸ் டூ பிள்ளையின் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பிக்கொண்டிருந்த காலத்தில், இவர் மட்டும் தன் பிள்ளையின் தூக்கத்துக்குக் காவல் நின்றார். பிள்ளை கடைசியில் கடலோரக் கல் வரைக்கும் போன பிறகுதான் தான் எதற்குக் காவல் நின்றோம் என்று அவருக்குத் தெரிந்தது.

பக்தவச்சலத்தைக் குறை சொல்ல வாயெடுக்கிறவர்கள் முதலில் எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு டிரெய்லர் லாரியோடு வரிசையில் நின்று பார்த்துவிட்டு வரட்டும். அவர் வேலை அதுதான். மணலிப் பக்கத்துக் கிடங்கில் கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு போய்த் துறைமுகத்தில் இறக்க வேண்டும். சாலை காலியாக இருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் போய்விடலாம். ஆனால் சாலை என்றைக்குக் காலியாக இருந்தது? துறைமுகத்துக் கேட்டில் ஏதோ ஒன்று சுணங்கினால் போதும், லாரி வரிசை காசிமேடு, சுங்கச்சாவடி, திருவொற்றியூர் என்று பின்னோக்கி வளர்ந்து எர்ணாவூர் வரை வந்து நிற்கும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் குப்பங்கள், நடுவில் நகராத இரும்பு. முன்னால் இருப்பவன் நாலு அடி நகர்ந்தால் நாமும் நாலு அடி நகர வேண்டும். கண்ணயர்ந்தால் அந்த இடைவெளியில் எவனாவது மூக்கை நுழைப்பான், பின்னால் இருப்பவன் நம் பரம்பரையையே கூப்பிட்டு விசாரிப்பான். அதனால் அந்த வரிசையில் யாருக்கும் தூக்கம் என்று ஒன்று கிடையாது. ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டுக்கொடுத்து ஒரு கோழித் தூக்கம், அவ்வளவுதான்.

அதற்கும் அவர்களுக்குள் ஒரு முறை இருந்தது. முன்வண்டிக்காரனைப் பின்வண்டிக்காரன்தான் எழுப்ப வேண்டும். ஹாரன் அடித்தால் லாரிக்காரன் எழுந்திருக்க மாட்டான், அந்தச் சத்தத்திலேயே பிழைக்கிறவன் அவன். இறங்கி நடந்து போய், ஃபுட்போர்டில் ஏறி, ஜன்னலுக்குள் கையை விட்டு அவன் காலைத் தொட வேண்டும். தோளைப் பிடித்து உலுக்கினால் பதறிப்போய் எதையாவது மிதித்துவிடுவான். காலைத் தொட்டால் நிதானமாக எழுவான். "வண்டி நகருது மாமு" என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். வண்டி நகராதபோது ஒருவனை எழுப்புவது மட்டும் கூடவே கூடாது. வரிசையில் தூங்குகிறவனை வீணாக எழுப்புவது அவர்களுக்குள் சோற்றைத் தட்டிப் பறிப்பதற்குச் சமம்.

பக்தவச்சலத்தை அப்படி எழுப்புகிறவர் பெரும்பாலும் ராயபுரத்து ரஷீது. இருவருக்கும் ஒரே முதலாளி, சேர்ந்தே லோடு ஏற்றுவார்கள், ஒருவர் பின்னால் ஒருவராக வருவார்கள். ரஷீதின் கை தன் பாதத்தில் பட்டால் கனவிலேயே கியரைப் போட்டுவிடும் அளவுக்குப் பழக்கம்.

பதினாலு வயதில் கிளீனராக ஏறியதிலிருந்து பக்தவச்சலம் ஆசை தீரத் தூங்கியதில்லை. முதல் வண்டியின் டிரைவர் ஈரத்துணியை முறுக்கி முதுகில் அடித்து எழுப்புவார். பிறகு தானே டிரைவரான காலத்தில், மணலியில் ஒரு விடியற்காலை கண் செருகி, வண்டி நடுத்தடுப்பில் ஏறி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஒரு வாரம் அவர் வண்டிச் சாவியைக் கையால் தொடவில்லை. கல்யாணத்தன்று பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தபடியே மாப்பிள்ளை தூங்கிவிட்டதைச் சொல்லி மனைவி அம்முவின் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சிரிப்பார்கள். யசோதரா பிறந்து, அந்தப் பஞ்சு உடம்பு முதல்முறை அவர் நெஞ்சின் மேல் கிடந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கியபோது, அவர் ஒரு முடிவுக்கு வந்தார். தனக்குக் கிடைக்காத அந்த ஒன்றை மட்டும் இவளுக்குக் குறைவில்லாமல் கொடுத்துவிட வேண்டும். நகை போடுவது, நிலம் வாங்குவது எல்லாம் அப்புறம்.

மகளும் தகப்பனும் பேசிக்கொண்டது முக்கால்வாசி போனில்தான். மழலை மாறாத வயதில் தொடங்கிய பழக்கம் அது. சாயங்காலம் ஆனால் போன் வரும். "நைனா, வண்டி எங்க கீது?" இவர் சொல்வார், "திருவொற்றியூர் கண்ணு." அடுத்த நாளும் கேட்பாள். "சுங்கச்சாவடி." பெரியவளானதும் கிண்டல் சேர்ந்துகொண்டது. "நேத்தும் அதானே சொன்ன? எறங்கி நடந்தே போயிருந்தா பொட்டிய இந்நேரம் கப்பல்ல ஏத்தியிருப்ப." பொட்டி என்றால் கன்டெய்னர், அப்பனிடம் கற்ற சொல். அவர் வாய்விட்டுச் சிரிப்பார். முன்னாலும் பின்னாலும் நிற்கும் டிரைவர்களிடம் அதை ஒரு நகைச்சுவைத் துணுக்காக எடுத்துச் சொல்வார். அந்தப் போனுக்காகவே சாயங்காலம் ஆகட்டும் என்று காத்திருப்பார்.

பிளஸ் டூ காலாண்டுத் தேர்வு முடிந்த சமயம் அந்தப் போன் வருவது குறைந்தது. பிறகு நின்றது. அம்முவிடம் விசாரித்தால், "தூங்கறா" என்றாள்.

"தூங்கட்டும். படிச்ச களைப்பு" என்றார் பக்தவச்சலம்.

வீட்டுக்கு வந்த நாளில் பார்த்தார். காலை பத்து மணிக்கு மகள் படுத்திருந்தாள். முகம் சுவர்ப் பக்கம், கால் இரண்டும் போர்வைக்கு வெளியே. அவருக்கு எப்படி இருந்தது என்று நினைக்கிறீர்கள்? கோபமா? பெருமை! முப்பது வருஷம் ஸ்டியரிங்கைப் பிடித்ததற்குக் கைமேல் பலன் கிடைத்ததுபோல வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கே கடைத்தெருவில் அட்டைப்பெட்டி வாங்கி வந்து ஜன்னலை அடைத்தார். கதவு கீச்சிடாமல் இருக்கக் கீலுக்கு எண்ணெய் விட்டார். அம்மு மிக்சியைப் போடப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தார். கீழ்வீட்டு டில்லிபாபுவின் மனைவி தினமும் மாவாட்டுகிற சத்தம் மேலே கேட்கிறது என்று இறங்கிப் போய் அவளிடம் ஒரு பாட்டம் சண்டையும் போட்டுவிட்டு வந்தார். "பொண்ணு தூங்குது, ஒங்களுக்கு இன்னா அறிவு கீதா?" என்று அவர் கத்திய சத்தத்தில் மூன்று மாடியும் விழித்துக்கொண்டது.

வரிசையில் நிற்கும்போது ரஷீதிடம் சொன்னார். "எம் பொண்ணு பன்னெண்டு மணி வரிக்கும் தூங்குது பாய்." ஏதோ மாநிலத்திலேயே முதல் மார்க் வாங்கிவிட்டதுபோல அவர் சொன்ன தினுசில், ரஷீதும் "மாஷா அல்லா, நல்லா தூங்கட்டும் மாமு. நம்மதான் சபிக்கப்பட்டவங்க" என்றார். இரண்டு பேரும் டீயைக் குடித்துவிட்டு அவரவர் வண்டியில் ஏறினார்கள்.

அம்முவுக்குத்தான் அது சரியாகப் படவில்லை. அவள் காசிமேட்டில் ஒரு மீன் கம்பெனியில் இறால் உரிக்கிறவள். விடியுமுன் போய் மத்தியானம் திரும்புவாள். வைத்துவிட்டுப் போன சோறு அப்படியே இருக்கும். பிள்ளைக்கு உயிரான நெத்திலி வறுவலில் எறும்பு மொய்த்துக் கிடக்கும். தலை வாரி நாளாகிச் சிக்குப் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் பாதி நாளில் திரும்பி வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் படுத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டால், "ஒண்ணும் இல்லம்மா" என்பாள். காதல் கீதலாக இருக்குமோ என்று அம்மு அவள் போனையும் எடுத்துப் பார்த்துவிட்டாள். ஒன்றும் இல்லை. தோழிகள் "எங்கடி இருக்க", "ஏன்டி பேச மாட்டேங்கற" என்று அனுப்பியவைதான் பதில் இல்லாமல் வரிசையாகக் கிடந்தன.

"யோவ், இது தூக்கம் மாதிரி இல்லய்யா" என்றாள் அம்மு ஒருநாள். "தூங்கி எயுந்தா மூஞ்சி தெளியணும்ல? இவ எயுந்தா இன்னும் சோந்து கீறா."

"ஒனக்கு தூக்கத்த பத்தி இன்னா தெரியும்? நா சொல்றேன், அது ஒடம்பு கேக்கற தூக்கம். எயுப்பாத."

தூக்கத்தைப் பற்றி அந்த வீட்டில் அவருக்குத்தான் அதிகம் தெரியும் என்று அவர் நம்பினார். பட்டினி கிடந்தவன் விருந்தைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் அதுவும். வகுப்பாசிரியை தேவகிருபை ஒருமுறை அவருக்கே போன் செய்தார். "சார், யசோதரா க்ளாஸ்ல இருந்தாலும் இல்லாத மாதிரியே இருக்கா. பேர் சொல்லிக் கூப்பிட்டா ரெண்டு தடவைக்கு அப்புறம்தான் திரும்புறா. ஒரு தடவை நேர்ல வாங்க, பேசலாம்" என்றார். வண்டி நகரத் தொடங்கியிருந்தது. "தூக்கக் கலக்கம் டீச்சர். ராத்திரி முழிச்சுப் படிக்குது" என்று சொல்லிவிட்டுக் கியரைப் போட்டார். அவள் படிப்பதைக் கண்டது யார்? அவராக முடிவுகட்டிச் சொன்னதுதான். இப்போது அந்தப் போனை நினைத்தால், எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிடுகிறார்.

பொங்கல் முடிந்து பத்து நாள் இருக்கும். வரிசை எர்ணாவூர் வரை வந்து நின்றிருந்தது. பக்தவச்சலத்தின் வண்டி வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்திலேயே மாட்டிக்கொண்டது. "நம்ம ஏரியாலயேதான் நிக்கறேன், கடலாண்ட. பெயிண்டு கம்பெனி போர்டுக்கு எதிருல" என்று விடியற்காலையில் அம்முவிடம் போனில் சொன்னார். அம்மு வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். உள்ளே படுத்திருந்தவளுக்கும் அது கேட்டது.

வெயில் ஏறிய நேரம். முன்னால் நிற்கும் வண்டிகள் அசையவே இல்லை. பக்தவச்சலம் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகைப் படுக்கையில் காலை நீட்டி, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, அதிசயமாக அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார்.

பின்வண்டியில் ரஷீது டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். சாலை ஓரமாக ஒரு பெண் ஒவ்வொரு லாரியாக நம்பர் பார்த்துக்கொண்டு நடந்து வந்தாள். கலைந்த தலை, நைட்டி மேல் ஒரு துப்பட்டா. பக்தவச்சலத்தின் வண்டியருகே நின்றாள். ஃபுட்போர்டில் ஏறி ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சத்தம் வராமல் இறங்கி, சாலையைக் கடந்து, கடல் பக்கம் போனாள். அங்கே அலையைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருக்கிற தூண்டில் வளைவு ஒன்று இருந்தது. கல்லுக்குக் கல் கால் வைத்து அதன் மேல் நடந்தாள்.

பக்தவச்சலத்தின் மகள்தான் என்று ரஷீதுக்குப் புரிந்தது. கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறார். அப்பனைப் பார்க்க வந்தவள் ஏன் பேசாமல் போகிறாள்? வீட்டில் ஏதாவது சண்டையா? வண்டி நகரவில்லை. நகராத வரிசையில் தூங்குகிறவனை எழுப்பினால் அது பாவம். நம் வேலையைப் பார்ப்போம் என்று டீயை ஒரு வாய் உறிஞ்சினார். அந்தப் பெண் இன்னும் நடந்துகொண்டிருந்தாள். மீன் பிடிக்கிறவர்கள்கூட நிற்கிற இடத்தைத் தாண்டிப் போனாள். ரஷீது டம்ளரைக் கீழே வைத்தார்.

பாதத்தில் கை பட்டதும் பக்தவச்சலம் எழுந்து கியரைத் தேடினார்.

"வண்டி நகரல மாமு. ஒம் பொண்ணு வந்துச்சு. ஏறி ஒன்ன பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம எறங்கி அந்தாண்ட பூட்டுச்சு. கல்லு மேல நடந்துகினு போவுது. எனக்கு இன்னாமோ மாதிரி கீது, சீக்கிரம் எயுந்துரு."

அவர் எப்படி இறங்கினார், சாலையை எப்படிக் கடந்தார் என்பது அவருக்கே நினைவில்லை. செருப்பு இல்லாத காலில் கல் கிழித்ததும் அப்புறம்தான் தெரிந்தது. வளைவின் முனையில், அலை அடித்துத் திரும்புகிற கடைசிக் கல்லில் அவள் உட்கார்ந்திருந்தாள். கால் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். சத்தம் போட்டால் திடுக்கிட்டுவிடுவாள். தோளைப் பிடிக்கலாம் என்று நீண்ட கையையும் இழுத்துக்கொண்டார். முப்பது வருஷத்து வரிசை அந்த நேரத்தில்தான் அவருக்கு உதவியது. குனிந்து, தவழ்ந்து, பக்கத்துக் கல்லில் இறங்கி, அவள் பாதத்தைத் தொட்டார். பனிக்கட்டி போட்ட மீன்போல ஜில்லென்று இருந்தது.

அவள் பதறவில்லை. திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை அவர் பல மாதமாகப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சுவர்ப் பக்கம் திரும்பிய தலையைத்தான் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

"நீ தூங்கிகினு இருந்த நைனா" என்றாள்.

"எயுப்பியிருக்கலாமே கண்ணு..."

"பாவமா இருந்துச்சு. தூங்கட்டும்னு உட்டுட்டேன்."

பக்தவச்சலம் அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வயது வந்த மகள் முன்னால், மீனவர்கள் பார்க்க, லாரிக்காரர்கள் பார்க்க, வாய்விட்டு அழுதார். அவள் அழவில்லை. அழுகைகூட வராத இடத்துக்குப் போய்விட்டிருந்தாள். "வூட்டுக்குப் போலாம் வா" என்று அவர் சொன்னபோது, மறுக்கவும் தெம்பில்லாதவளாகக் கூட நடந்து வந்தாள். சாலையில் வரிசை நகர ஆரம்பித்திருந்தது. ரஷீது பக்தவச்சலத்தின் வண்டியை நாலு அடி நகர்த்திவிட்டு, இறங்கி ஓடிவந்து தன் வண்டியை நாலு அடி நகர்த்தி, மறுபடியும் ஓடிக்கொண்டிருந்தார். பின்னால் இருந்தவர்கள் அவருடைய பரம்பரையை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். மனநலப் பிரிவு என்று போர்டைப் பார்த்ததும் அம்மு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் அம்மா முதலில் யசோதராவிடம் தனியாகப் பேசினார். பிறகு மூவரையும் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். சாப்பாடு எப்படி, பேச்சு எப்படி என்று கேட்டுவிட்டு, "தூக்கம்?" என்றார்.

பழக்க தோஷம், பக்தவச்சலம்தான் முந்திக்கொண்டார். "தூக்கத்துக்கு கொறச்சலே இல்ல டாக்டர். நல்லா தூங்குவா."

"நான் தூங்கி ரொம்ப நாளாச்சு நைனா" என்றாள் யசோதரா.

அவர் புரியாமல் அவளைப் பார்த்தார்.

"கண்ண மூடிகினு படுத்திருப்பேன், அவ்ளோதான். நீ வந்து வாசல்ல நின்னு பாக்கறது தெரியும். அம்மாவ மிக்சி போடாதன்னு சொல்றது கேக்கும். கீழ் வூட்டு அக்காவாண்ட சண்ட போட்டது கேட்டுச்சு. ஒவ்வொரு தடவையும் எழுந்து வெளிய வந்துடலாம்னு தோணும். நைனா எனக்காக இவ்ளோ பண்றாரே, தூங்கலன்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடுவாரேன்னு அப்டியே கிடப்பேன். யாராவது வந்து எழுப்ப மாட்டாங்களான்னு இருக்கும்."

அம்மு கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் திட்டு இருந்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அதில் பரிதாபம்தான் இருந்தது.

"என்ன ஆச்சு டாக்டர் இவளுக்கு? ஏதாச்சும் நடந்துச்சா?" என்று அம்மு கேட்டாள்.

"ஏதாவது நடந்தாத்தான் வரணும்னு இல்லம்மா. ஜுரம் வர்ற மாதிரி இதுவும் ஒரு நோய். மனச்சோர்வுன்னு சொல்றோம். இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு நிறைய வருது. வெளியில பார்த்தா சோம்பேறித்தனம் மாதிரி இருக்கும், திமிர் மாதிரி இருக்கும், தூக்கம் மாதிரியும் இருக்கும். உள்ள அவங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடிக்கறதே மலை ஏறுற மாதிரி. மாத்திரை கொடுக்கறேன், பேச்சு சிகிச்சையும் உண்டு. நாளாகும். நடுவுல நல்லாயிட்ட மாதிரி இருந்து மறுபடியும் சறுக்கும். தனியா மட்டும் விடாதீங்க." பிறகு பக்தவச்சலத்தின் பக்கம் திரும்பினார். "கல்லு வரைக்கும் போறதுக்கு முன்னாடி அவ உங்ககிட்டதான் வந்திருக்கா. அதை மறந்துடாதீங்க."

டாக்டர் ஆறுதலாகத்தான் சொன்னார். பக்தவச்சலத்துக்கு அதுதான் ஆறாமல் போனது. வந்திருக்கிறாள். அவ்வளவு தூரம் வெயிலில் நடந்து, லாரி லாரியாகத் தேடி, ஃபுட்போர்டில் ஏறி, கைக்கு எட்டும் தூரத்தில் நின்றிருக்கிறாள். அப்பன் ஆயுளில் ஒருநாள் நன்றாகத் தூங்கினான், அந்த நாள் பார்த்து.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் அட்டையைப் பிய்த்து எறிந்தார். பசை ஒட்டிய தடம் கண்ணாடியில் அப்படியே நின்றுவிட்டது, சுரண்டியும் போகவில்லை. அடுத்த நாள் காலையில் கீழ்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். மறுபடியும் சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று டில்லிபாபுவின் மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "நீ மாவாட்டுமா. எப்ப வேணா ஆட்டு. நல்லா சத்தமா ஆட்டு" என்றார். அவள் இடுப்பில் வைத்த கையை எடுப்பதற்குள் இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியேறிவிட்டார்.

யசோதரா அந்த வருஷம் பரீட்சை எழுதவில்லை. சொந்தக்காரர்கள் காதல் தோல்வி என்றார்கள், காற்று கருப்பு என்றார்கள். வாய் இருக்கிறவர்கள் எல்லாம் பேசினார்கள். மாத்திரையில் முதலில் உடம்பு ஊதியது, கை நடுங்கியது. பிறகு மெல்ல மெல்லச் சில நல்ல நாட்கள் வந்தன. ஒருநாள் தலைக்குக் குளித்தாள். ஒருநாள் நெத்திலியில் இரண்டைத் தின்றாள். ஜூன் மாதம் தேவகிருபை டீச்சரே வந்து கூட்டிப்போய் மறுபடியும் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்தார். பக்தவச்சலம் இப்போது சாயங்காலம் தானே போன் செய்கிறார். "நைனா பேசறேன். வண்டி திருவொற்றியூராண்ட கீது" என்று கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறார். அந்தப் பக்கம் "ம்" என்று வரும். சில நாள் அதுவும் வராது. மூச்சு கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே வண்டியை நாலு அடி நகர்த்துவார்.

ஐப்பசி மழையில் அவள் மறுபடியும் சறுக்கினாள். லோடை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தவரை அம்மு படியிலேயே பிடித்துக்கொண்டாள். "ரெண்டு நாளா படுத்துகினே கீறா. நா உக்காந்து பாத்தேன், பேசிப் பாத்தேன். வேலைக்கும் போவல."

பக்தவச்சலம் உள்ளே போனார். காலை நேரம், ஆனாலும் மேகம் மூடி அறை மங்கலாக இருந்தது. மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கால் இரண்டும் போர்வைக்கு வெளியே. ஒரு வருஷத்துக்கு முன்னால் இதே வாசற்படியில் இதையே பார்த்துத்தானே பூரித்து நின்றோம் என்று நினைத்தபோது அவருக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. இது தூக்கமா, அதுவா? அவரால் சொல்ல முடியவில்லை. இனி எந்த நாளும் அவரால் சொல்ல முடியாது. மகள் நிம்மதியாகவே தூங்கினாலும், அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற பாக்கியம் அவருக்குப் போய்விட்டது.

ஈரச் சட்டையோடு கட்டில் ஓரமாகக் குனிந்து, அவள் பாதத்தைத் தொட்டார்.

"முழிச்சிகினுதான் கீறேன் நைனா" என்றாள் அவள், திரும்பாமல்.

"தெரியும்மா. அதான் வந்தேன்."

கீழ்வீட்டில் மாவாட்டுகிற சத்தம் கேட்டது. யசோதரா கண்ணைத் திறக்கவில்லை. காலை மட்டும் மெதுவாக மடக்கி, அவர் உட்கார இடம் விட்டாள்.